பெட்டித் தண்ணீர்

வெக்கை தாங்காத ஒரு மாப்பிள்ளைக்கு என்னைப் பேசி முடித்தார்கள். ஆளுக்கு ஊர் வரிப்பத்தான்சேனை. பிறந்த நாள் முதல் வயலும் வரம்பும்தான். உச்சி வெயிலில் தானே உழவு மிசின் ஓட்டுகிறவர். கலியாணம் என்று வந்ததும் அந்த மனிதருக்குத் திடீரெனத் தோல் மெலிந்துவிட்டது. "எங்கட மகனுக்கு வெக்கை ஒத்துவராது. அறைக்குள்ள ஏசிக் குளிர்பெட்டி ஒண்டு இருந்தா நல்லம்" என்று அவருடைய உம்மா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து சொன்னார். இனி எனக்கு மாமியாக வரப்போகிறவர். வாப்பா தலையாட்டினார். வாப்பாவுக்கு அந்த நாட்களில் தலை ஆடுவதற்கென்றே இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை வந்து குடியேறுவார். கல்முனையில் எனக்கான வீட்டின் சுவரை வாப்பா எழுப்பினார். மற்ற எல்லாவற்றையும் என் காக்கா, அதாவது அண்ணன், எழுப்பினார், ஆறு வருடமாகச் சவூதியில் இருந்துகொண்டே. உம்மா மவுத்தான பிறகு எனக்குத் தலை வாரிவிட்டதும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரே வரி வரும்: "தங்கச்சிட கலியாணம் முடிஞ்ச கையோட நான் ஊருக்கு வந்திருவன்." உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையைவிட எனக்கு அந்த வரிதான் பெரிதாக இருந்தது. பெட்டி இல்லாவிட்டால் கலியாணம் தள்ளிப்போகும். கலியாணம் தள்ளினால் காக்கா வருவதும் தள்ளிப்போகும். ஆகவே நானும் வாயை மூடிக்கொண்டு பெட்டிக்குக் காத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெட்டி கப்பலில் வந்தது. ஜன்னலை உடைத்துப் பொருத்தும் வகை. பொருத்த வந்தவர் எங்கள் ஊர் றேடியோ பாஸ்; கைவேலை தெரிந்தவரை இங்கே பாஸ் என்போம். றேடியோ, மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, எது பழுதானாலும் அவர்தான். குளிர்பெட்டியை அதற்கு முன் அவர் படத்தில்கூடக் கண்டதில்லை என்பது அவர் அதை மூன்று முறை சுற்றி வந்ததிலேயே தெரிந்தது.

பெட்டியோடு காக்காவின் கடிதமும் வந்தது. அவருக்குத் தமாமில் ஒரு கம்பெனியில் குளிர்பெட்டி துப்புரவாக்கும் வேலை. ஆகவே இரண்டாம் பக்கத்தில் படம் கீறி எழுதியிருந்தார்: எங்கள் ஊர்க் காற்றில் கடலின் ஈரம் அதிகம், பெட்டி அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி அடித்தட்டில் சேர்க்கும், பின்னால் உள்ள விசிறியின் வளையம் அந்தத் தண்ணீரை அள்ளிச் சூடான குழாய்களின் மேல் எறியும், குழாய் குளிர்ந்தால்தான் பெட்டி களைக்காமல் ஓடும். "தட்டில தண்ணி நிக்கிறது பழுது இல்ல. அதைத் திறந்து விட்டிராதீங்க." எங்கள் வீட்டில் கடிதத்தின் முதல் பக்கத்தைத்தான் சத்தமாக வாசிப்பார்கள். சலாமும், யார் யாருக்கு என்ன சாமான் என்ற விவரமும் அதில் இருக்கும். இரண்டாம் பக்கத்தை நான் வாசித்தேன். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வீட்டில் யாருக்காவது விளக்கம் தேவைப்பட்டால் றேடியோ பாஸிடம் போவார்கள்.

பெட்டி ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நாலு சொட்டு விழுந்தது. அங்கே நின்ற என் சாச்சி, உம்மாவின் தங்கை, கையை நீட்டி அதை ஏந்தினார். சில்லென்று இருந்திருக்கும்.

"அல்லாவே! மக்கத்துப் பெட்டியில இருந்து தண்ணி வருது கா!"

அவ்வளவுதான். சாச்சி அதைக் கண்ணில் ஒற்றினார், மூட்டில் பூசினார். மூட்டு வலி குறைந்துவிட்டதாக அஸர் தொழுகைக்கு முன் மூன்று வீடுகளுக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் வேலிப்பக்கம் போத்தலோடு பெண்கள் நின்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். தமாமுக்கும் மக்காவுக்கும் பஸ்ஸில் ஒரு நாள் தூரம் என்றேன். பெட்டியின் முதுகில் ஜப்பானில் செய்தது என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். இது நம் வீட்டுக் காற்றில் இருந்த தண்ணீர், நமது வேர்வையும் அதில் சேர்த்தி, அதைத்தான் கண்ணில் ஒற்றுகிறீர்கள் என்றேன். "படிச்ச புள்ளைகளுக்கு ஈமான் குறைவு" என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போத்தலை நீட்டினார். பள்ளிவாசல் லெப்பையிடமும் போய்க் கேட்டார்கள். "சுத்தமான தண்ணிதான், தொழுகைக்கு ஒழு எடுக்க ஏலும். மருந்தெண்டு சொல்ல எனக்கு ஏலா" என்றாராம். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

நாலு சொட்டு ஊருக்குப் போதவில்லை. உள்ளே சளசளக்கிற தண்ணீரெல்லாம் வீணாகிறதே என்று சாச்சிக்கு ஆற்றாமை. றேடியோ பாஸ் வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து அடித்தட்டில் ஓட்டை போட்டு, குழாய் ஒன்றைச் செருகி, கீழே வாளியை வைத்துவிட்டார். நான் வந்து கத்தினேன்.

"தங்கச்சி, பெட்டிக்குள்ள தண்ணி நிண்டா துருப்பிடிக்கும். நான் எத்தினை பம்பு பாத்தவன்" என்றார் பாஸ், மிகவும் இரக்கத்தோடு.

"ஓம், ஓம். பாஸுக்குத் தெரியாததா?" என்றார் வாப்பா.

வாளி நிறைந்தது, பெட்டி நோயாளியாகியது. எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்து சேரும்போதே களைத்துப்போய்த்தான் வரும். அதோடு கச்சான் காற்று வீசும் மாதம். வெளியே நின்றால் முகம் எரியும். சூடான குழாய்களுக்கு இப்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. பெட்டி அரை மணித்தியாலம் உறுமும், பிறகு டக்கென்று நின்றுவிடும். ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் அரை மணித்தியாலம். அறை அடுப்படியாகக் கிடந்தது. கண்ணூறு பட்டுவிட்டது என்றார் சாச்சி. அதற்கும் பெட்டித் தண்ணீரையே எடுத்துப் பெட்டியின் மேல் தெளித்தார். பெட்டியின் தேவையை எங்கள் வீட்டில் ஓரளவுக்காவது விளங்கிக்கொண்டவர் அவர்தான், இடம்தான் பிழை.

மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வரும் நாள் வந்தது. அன்று காலை நான் ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து வட்டமாக வெட்டி, குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டையை அடைத்தேன். சாச்சி வாசலில் நின்று, அல்லாஹ் தந்த பறக்கத்தை அடைக்கிறாள் என்று அழுதார். நான் அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் பழைய சளசளப்புக் கேட்டது. பெட்டி நிற்கவில்லை. லுஹர் தொழுகை நேரத்துக்குள் அறை குளிர்ந்தது. அன்றுதான் என் படிப்பு எனக்கே பிரயோசனப்பட்டது.

மாமி வந்து கட்டிலில் அமர்ந்து, முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குளிர்கிறதாம். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்தத் தண்ணி எங்க? எங்கட ஊர் வரைக்கும் கதை வந்திருக்கு. நான் போத்தலும் கொண்டந்த" என்றார்.

சாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். இன்று தண்ணீர் வராது என்று வாப்பா மெல்லச் சொன்னார். மாமியின் முகம் சுருங்கியது. குறை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதை வைத்து இன்னொன்று வாங்கத் தெரிந்த குடும்பம் அது.

"சரி, தண்ணிதான் இல்ல. கலியாணத்துக்கு வாற எங்கட ஆக்கள் எல்லாரும் இந்த அறைக்குள்ளயா இருக்கிற? ஹோலுக்கும் ஒரு பெட்டி போடுங்களன்."

வாப்பாவின் தலை ஆடியது. "மகனுக்கு எழுதுறன். இன்னும் ரெண்டு வருசம் அங்க நிக்கக் கையெழுத்து வெச்சா ஏலும்."

காக்கா வருவதற்கு இன்னும் இரண்டு வருடம்! ஒரு தலையாட்டலில் போய்விட்டது. வாப்பா என்னைக் கவனிக்காமல், மாமியைக் குளிர வைப்பதற்காக, அந்தக் கிழமைதான் ஒருவர் கையில் வந்திருந்த காக்காவின் கசெற்றைப் போட்டார். காக்கா எழுதச் சோம்பினால் பேசி அனுப்புவார். கசெற்றில் சலாம் சொன்னார், சுகம் விசாரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இங்கயும் வெக்கைதான் வாப்பா. எங்கட அறையில எட்டுப் பேர், பெட்டி இல்ல. முதலாளிட ஜன்னல் பெட்டியால தண்ணி வடியும். அத வாளியில புடிச்சி, உடுக்கிற சாரத்த நனைச்சிப் போத்திக்கிட்டு மொட்டை மாடியில படுப்பம். அதுக்குப் புறகு வலு குளிர். தங்கச்சிட பெட்டி நல்லா ஓடுதா?"

கசெற் ஓடிக்கொண்டிருந்தது. சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமிதான் முதலில் வாய் திறந்தார்: "முதலாளியோட நல்ல சேர்க்கை போல. அப்ப ரெண்டாவது பெட்டி எடுக்கிறது லேசு."

நான் எழும்பிப் போய்ப் பெட்டியை நிறுத்தினேன். மற்ற ஜன்னலை அகலத் திறந்தேன். கச்சான் முகத்தில் அடித்தது. வெளியே, மாமியை ஏற்றி வந்த உழவு மிசினின் பின்னால் பூட்டிய பெட்டியில், நடு வெயிலில், சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

"மாமி, உங்கட மகனுக்கு வெக்கை ஒத்துவராது எண்டீங்களே, அங்க பாருங்க. ஹோலுக்குப் பெட்டி வராது. காக்காதான் வருவார். அது போதாதெண்டா இந்தக் கலியாணம் எனக்கு வேணாம்."

வாப்பாவின் தலை அன்று முதல் தடவையாக ஆடாமல் நின்றது. மாமி ஜன்னலைப் பார்த்தார், போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூன்று நாள் எந்தத் தகவலும் இல்லை. நான்காம் நாள் மாப்பிள்ளை ஆள் அனுப்பியிருந்தார்: ஹோலுக்கு ஒன்றும் வேண்டாம், தனக்குக் குளிரில் தடிமன் பிடித்துத் தும்மல் வரும். அந்த மனிதர் மேல் எனக்கு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

கலியாணம் முடியும்வரை காத்திராமல், ஒரு கிழமை முன்பே காக்கா வந்தார். மெலிந்து கறுத்திருந்தார். பகல் சோறு தின்றதும் ஆளாளுக்கு அவரைப் பிடித்து அந்தக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினோம். சற்று நேரத்தில் வெளியே வந்துவிட்டார். நித்திரை வரவில்லையாம். கிணற்றடிக்குப் போய்ச் சாரம் ஒன்றை வாளியில் நனைத்துப் பிழிந்து, மாமரத்தின் கீழ் பாயை விரித்து, அதைப் போர்த்திக்கொண்டு படுத்தார். நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

சாச்சி மெல்லக் கிட்டப் போய் ஈரச் சாரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பெட்டித் தண்ணியா மனே?"

"இல்ல சாச்சி, எங்கட கிணத்துத் தண்ணி" என்றார் காக்கா, கண்ணைத் திறக்காமலே. "இனி இதுதான்."