ஒரு நாள் சட்டம்

அவனியாபுரம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் தங்கப்பாண்டி வண்டியை நிறுத்தி இறங்கியதும், முத்துக்குமரன் சால்வை போர்த்துவதுபோலத் தன் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டான்.

"மாப்ள, கோர்ட்டு உன்னயத் திறமைசாலின்னு சொல்லிருச்சுடா!"

ஸ்டாண்டே சிரித்தது. செய்தி இதுதான். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டசபை போட்ட சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கு அது பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ரம்மி அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கிற ஆட்டமல்ல, திறமையால் ஜெயிக்கிற ஆட்டமாம்.

"அம்புட்டுத் திறமையையும் நாமதான் பாத்தமே" என்றான் முத்துக்குமரன். "சொந்த வண்டிய வித்துப்புட்டு அழகுபாண்டி அண்ணன் வண்டிய வாடகைக்கு ஓட்டுற திறமை!"

தங்கப்பாண்டியும் சிரித்துவைத்தான். சிரித்துக்கொண்டே மணிக்கட்டில் கிடந்த கறுப்புக் கயிற்றைத் திருகினான்.

கொரோனா நாட்களில், சவாரி இல்லாமல் வண்டி வாசலில் நின்றபோது போனில் பணம் கட்டிப் பழகிய ரம்மி அது. சட்டசபை முதல் தடவை தடை போட்டபோது, போனில் ஆட்டம் திறக்க மறுத்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. முதுகிலிருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. சில மாதங்களில் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஆட்டம் திறந்தது. அந்தத் தடவைதான் வண்டி போனது.

பிறகு புதுச் சட்டம் வந்தது. ஆட்டம் மறுபடி மூடிக்கொண்ட அன்று, மனைவி பாண்டியம்மாள் அவனை ஊர் எல்லை முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனாள். "இன்னொரு தடவ ஆடுனீங்க, அஸ்வினியக் கூட்டிக்கிட்டுத் திருப்பரங்குன்றத்துக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். பெறகு கூப்புட வராதீங்க" என்றாள். மகள் அஸ்வினி ஒன்பதாவது படிக்கிறாள். பாண்டியம்மாள் எதையும் இரண்டாவது முறை சொல்லும் பழக்கம் இல்லாதவள்.

பூசாரி கயிறு கட்டும்போது வேண்டுதலை அவனே சொன்னான். "அரசாங்கம் தடுத்து வச்சிருக்கிற மட்டும் அதத் தொட மாட்டேன் சாமி." பாண்டியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சட்டத்தை இரண்டாம் தடவை போடும்போது ஓட்டை உடைசல் பார்த்துத்தானே போட்டிருப்பார்கள் என்று நம்பினாள்.

இப்போது சட்டம் இருக்கிறது, ரம்மிக்குத் தடை இல்லை. வேண்டுதலும் தானாகக் கழன்றுவிட்டதா?

பைபாஸ் ஓரத்துப் புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த ஆட்டத்தைத் திறந்தான். 'மீண்டும் வருக' என்று அவன் பெயரைப் போட்டு வரவேற்றது. கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது.

நீதிபதிகள் சொன்னது பொய்யில்லை என்றே அவனுக்குத் தோன்றியது. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் விடிய விடியச் சீட்டு ஆடியிருக்கிறான். முத்துக்குமரன் மூக்கைத் தடவினால் அவனிடம் ஜோக்கர் இருக்கிறது என்று கண்டுபிடிப்பான். அது திறமைதான். ஆனால் போனில் எதிரே யாருக்கும் மூக்கு இல்லை. விடிந்ததும் ஜமுக்காளத்தைச் சுருட்ட வருகிறவரும் இல்லை. சட்டசபை எந்த ஆட்டத்தை நினைத்துச் சட்டம் போட்டது, நீதிமன்றம் எந்த ஆட்டத்தை நினைத்துத் தீர்ப்புச் சொன்னது? ரெண்டும் சரியென்றால் தப்பு யாரிடம்? தன் விரலை நிறுத்த ஒரு மாநிலமே கூடிச் சட்டம் போட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது கூச்சமாக இருந்தது. ஆட்டத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போனான்.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. பாண்டியம்மாள் டிவியில் செய்தி பார்த்திருக்கிறாள்.

"ஆடுனீங்களா?"

"இல்ல."

"தொறந்து பாத்தீங்களா?"

மணிக்கட்டுக் கயிற்றைத் திருகினான். பிறகு, "பாத்தேன்" என்றான்.

வேண்டுதலின் வார்த்தைகளை அவளிடம் விளக்கிச் சொன்னான். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்ப சாமிகிட்டயே வாய்தா வாங்கப் பாத்துருக்கீங்க."

"கோர்ட்டு சொன்னது தப்புங்குறியா?"

"அது நமக்கு எப்புடித் தெரியும்? திறமையான ஆட்டமாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா உங்களுக்கு நிப்பாட்டத் தெரியாது. அது சட்டசபைக்குத் தெரியாது, கோர்ட்டுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

"போன வாங்கி வச்சுக்க."

"சவாரிக்காரவுக காசு போன்லதான போடுறாக? நாளைக்கே திருப்பிக் கேப்பீங்க."

"வா, கோயிலுக்குப் போவோம்" என்றான்.

கோயிலில் பூசாரி புதுக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். தங்கப்பாண்டி கண்ணை மூடினான். 'உசுரு உள்ள மட்டும்' என்று ஆரம்பிக்கலாம். பீடியை விட்டபோதும் அதைத்தான் சொன்னான், மறுபடி பிடித்தான். 'கயிறு கையில கெடக்குற மட்டும்' என்றால் கயிறு அறுந்துவிடும். 'போன்ல ரம்மி' என்றால் வேறு பெயரில் ஒன்று வரும். எந்த வார்த்தையை எடுத்தாலும் அதன் பின்வாசல் அவனுக்கு முன்பே தெரிந்தது. இதில்தான் தனக்கு உண்மையான திறமை என்று நினைத்துக்கொண்டான்.

"சாமி, இன்னைக்கு ஆட மாட்டேன்."

"இம்புட்டுத்தானா?" என்றார் பூசாரி.

"இம்புட்டுத்தான் முடியும். கயிறு வேணாம்."

பாண்டியம்மாள் அவனையே பார்த்தாள். "அப்ப நாளைக்கு?"

"காலையில வந்து சொல்லிட்டுப் போறேன். மொத சவாரி இந்த வழியாத்தான போகுது."

"சரி. காலையில நீங்க சட்டம் போடுங்க. சாயங்காலம் நான் விசாரிக்கிறேன். போன என் கையில குடுத்துட்டுத்தான் சோறு."

வீட்டுக்கு வந்ததும் அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள். அஸ்வினியின் பள்ளிச் சீருடையை மட்டும் வெளியே எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். மற்றவற்றைத் தொடவில்லை. ஜிப்பைப் பழையபடி இழுத்து மூடினாள்.