நதியா வைத்த அன்னாசிக் கேன்

நதியாவுக்குக் குடி என்ற பேச்சே ஆகாது. அவளுடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் குடித்துவிட்டு விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து இன்னொரு குடிகாரனுக்கே கட்டிக் கொடுத்தார்கள். பையனுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்பார்கள், சொந்தத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பையன் எங்கே இருப்பான் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

பாண்டித்துரைக்கு வேலை இருந்தது. திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஒரு டீஷர்ட்டை மூன்றே இழுப்பில் சுருக்கமில்லாமல் மடித்து வைக்கும் கை. அதே கம்பெனியில் நதியாவுக்குச் செக்கிங் வேலை. டேப்பைப் பிடித்துப் பார்த்து, அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிப் போன ஓட்டை கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு.

பாண்டித்துரை குடித்துவிட்டு அடிக்க மாட்டான், திட்டவும் மாட்டான். வருவான், சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். பேச்சு என்று ஒன்று இருக்காது. நாலு அறை விட்டிருந்தால் அம்மா வீட்டுக்காவது போயிருக்கலாம் என்று நதியா நினைத்ததுண்டு. குடியை விட வேண்டிக் கோயிலில் அவன் கையில் கயிறு கட்டிப் பார்த்தாள். நாற்பத்தோராவது நாள் அவனே கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டான். அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். இருபது வருடம் இப்படியே ஓடிவிட்டது. பிள்ளையும் இல்லை.

பிறகுதான் கொரோனா வந்து கம்பெனிகளைப் பூட்டியது. பிராந்திக் கடையையும் பூட்டினார்கள். அன்றைக்கு நதியா சாமி படத்துக்குச் சூடம் காட்டினாள். தன்னால் முடியாததைக் கவர்மெண்டு ஒரே நாளில் செய்துவிட்டது என்றுதான் அந்தப் பைத்தியக்காரி நினைத்தாள்.

மூன்றாம் நாள் பாண்டித்துரைக்குக் கை நடுங்கத் தொடங்கியது. டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டித் தட்டி விரல் தோலைக் கிழித்துக்கொண்டான். நாலாம் நாள் வலிப்பு வந்தது. ஆணி அடித்தது போல உடம்பு விறைத்து, வாயில் நுரை தள்ளி, அப்புறம் துணி மாதிரி கிடந்தான். நதியா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தினாள். லைன் வீடுகளில் கதவைத் திறந்து பார்த்தார்களே தவிர, தொற்றுக்குப் பயந்து யாரும் பக்கத்தில் வரவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸம்மா அவன் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இதை வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதம்மா. ஆஸ்பத்திரியில சேர்த்துரு. ரொம்ப வருசமாக் குடிக்கிறவங்களுக்குத் திடீர்னு நின்னா உயிருக்கே ஆபத்து. மாத்திரை மருந்தோட கொஞ்சங் கொஞ்சமாத்தான் வெளியே கொண்டு வரணும்."

பாண்டித்துரை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டான். "அங்கிட்டுப் போனா பிளாஸ்டிக்குல சுத்தித்தான் குடுப்பாய்ங்க. செத்தாலும் இங்ஙனயே சாவுறேன்."

நதியா நர்ஸம்மா சொன்னதில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். குறைப்பதற்கு முதலில் சரக்கு வேண்டுமே, அதற்கு எங்கே போவது? சொசைட்டி அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் இருந்தவன் போனில் ஒரு வீடியோவைச் சத்தமாக ஓடவிட்டான். யாரோ ஒருத்தன் அன்னாசிப் பழத்தை ஊற வைத்துக்கொண்டிருந்தான். நதியா திரும்பி நின்று அதை முழுதாகப் பார்த்தாள்.

அன்றைக்கே மினி வேனில் கூவி விற்ற அன்னாசியை வாங்கினாள். பழம், தோல், சர்க்கரை எல்லாம் சரி. எதில் ஊற வைப்பது? லைன் வீட்டுப் பாத்ரூமில் சாயப்பட்டறையிலிருந்து வந்த வெள்ளைக் கேன்கள் நாலைந்து கிடந்தன. அந்தப் பக்கத்தில் அது இல்லாத வீடு இல்லை. குளிக்க, துவைக்க எல்லாம் அதில்தான் தண்ணீர் பிடிப்பார்கள். அதில் ஒன்றை எடுக்கலாமே என்றான் பாண்டித்துரை.

"வேணாங்க. அதுல என்ன கெமிக்கல் இருந்துச்சோ."

"பத்து வருசமா அதுலதான குளிக்கிறோம். செத்தா போயிட்டோம்?"

"குளிக்கிறது வேற, குடிக்கிறது வேற" என்று சொல்லிவிட்டு, குடிதண்ணீர் வரும் இருபது லிட்டர் கேனைக் காலி செய்து வெந்நீர் விட்டுக் கழுவினாள். காற்று போக ஒரு குழாய் வேண்டியிருந்தது. பரணில் பாண்டித்துரையின் பழைய ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் இருந்தது. அதற்குத் தண்ணீர் இறங்கும் டியூபைக் கழற்றினாள். மூடியில் கம்பியைச் சுட்டுத் துளை போட்டு டியூபைச் சொருகினார்கள். துளையைச் சுற்றிக் காற்று கசிந்தது. சப்பாத்தி மாவை உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து அப்பி அடைத்தாள். டியூபின் மறுமுனையைத் தண்ணீர் நிரப்பிய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் விட்டாள். வடிகட்டக் கம்பெனி கட்டிங் வேஸ்டில் ஒரு பனியன் துணியை எடுத்து நாலு தடவை அலசிக் காயப்போட்டாள்.

பாண்டித்துரை நடுங்கும் கையால் டியூபைப் பிடித்துக்கொடுத்தான். ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்தான், இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டான். நதியாவும் உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. ஒரு குடும்பத்துக்கு வாய்க்கிற சந்தோஷத்தின் லட்சணத்தைப் பாருங்கள்.

இரண்டாம் நாள் பாட்டிலில் குமிழி வந்தது. வீட்டுக்காரம்மா மயிலாள் வாசலில் நின்று மோப்பம் பிடித்தாள்.

"ஏம்மிணி நதியா, அன்னாசி வாசம் ஆளத் தூக்குதே, என்ன பண்ற?"

"ஜாம் போடுறேன்க்கா."

"போடு கண்ணு, போடு. ஊட்டுக்குள்ள சும்மா உக்கோந்திருந்தா பைத்தியம் புடிச்சுப் போகுமாமா."

வாழ்நாளில் பிராந்திக் கடை இருக்கும் தெருவில்கூட நடக்காதவள், வாசலைச் சாத்திக்கொண்டு, போலீஸ் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேன் மேல் போர்வையைப் போட்டு மூடினாள். பாதிப் புளிப்பில் வடித்த முதல் டம்ளரை அவளே அவன் வாயில் வைத்துப் புகட்டினாள். மறு கையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு மணி நேரத்தில் அவன் கை நடுக்கம் நின்றது.

அதற்கப்புறம் அவள் செக்கிங்காரியாக மாறினாள். எவர்சில்வர் டம்ளரில் உள்ளே இருப்பது தெரியாதென்று கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து, வெளியே டெய்லர் சாக்பீஸால் கோடு போட்டாள். காலை ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இரண்டு நாளைக்கு ஒரு தடவை கோட்டை அரை சென்டிமீட்டர் கீழே இறக்கினாள். டேப் வைத்து அளந்துதான் இறக்கினாள். கோடு இறங்கும் அன்றைக்கெல்லாம் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். நடுக்கம் இல்லை. சுவரில் எறும்பு இல்லை. சாப்பாடுகூட இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான்.

முதலில் அவள் நம்பவில்லை. கோடு பாதி டம்ளருக்குக் கீழே வந்தபோது நம்பினாள். பாண்டித்துரை பேசத் தொடங்கியிருந்தான். பழைய கதை, கம்பெனிக் கதை, கிண்டல். சும்மா இருக்க முடியவில்லை என்று அவளுடைய புடவைகளை எல்லாம் எடுத்து அயர்ன் செய்து அடுக்கினான். அடுப்படியில் நின்றுகொண்டு அதைப் பார்த்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏப்ரல் கடைசியில் ஒருநாள், டம்ளரில் வெறும் தண்ணீரை வைத்து நீட்டினாள். வாங்கிக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தான்.

ஊரில் இருந்த அம்மா ஒச்சம்மாளுக்குப் போன் போட்டாள். எடுத்ததுமே அழுதுவிட்டாள்.

"என்னாடி, யாருக்கு என்னாச்சு?" என்று அந்தப் பக்கம் பதறினாள் ஒச்சம்மாள்.

"நிறுத்திட்டாரும்மா. முழுசா நிறுத்திட்டாரு."

அடுத்த வாரம் பிராந்திக் கடை திறந்தது. லைன் வீட்டு ஆண்கள் குடையும் ஆதார் கார்டுமாக வரிசைக்கு ஓடினார்கள். நதியா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாண்டித்துரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலையணை உறைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தான். இருபது வருடத்துக் கசப்பும் அந்த நிமிடத்தில் அவளை விட்டுப் போனது. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

பத்து நாள் கழித்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு வலிக்கிறது என்றான். கண் மஞ்சளாயிற்று, பிறகு உடம்பே மஞ்சளாயிற்று. இந்தத் தடவை அவன் கட்டில் காலைப் பிடிக்கவில்லை, பிடிக்கத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன குடித்தார் என்பதுதான்.

"முன்னாடி குடிச்சாருங்க. இப்ப இல்லைங்க. இருபது நாளாச்சு, ஒரு சொட்டுக் கிடையாது."

"உண்மையைச் சொல்லும்மா. அதை வச்சுத்தான் மருந்து குடுக்கணும்."

"எங்க கொலசாமி சத்தியமாங்க" என்றாள் நதியா. குரலில் பெருமைகூட இருந்தது. கட்டிலில் கிடந்த பாண்டித்துரை கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் காமாலைக்கு வேறு காரணம் தேடப் போனார். இரண்டு நாள் அதிலேயே போயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் மயிலாளின் போன் வந்தது.

"அம்மிணி, பாத்ரூமுக்குப் பின்னால வெறகு அடுக்கியிருக்கற எடத்துல ஒரு சாயக் கேன் இருக்குது, அது உங்களுதா? டியூப்பெல்லாம் சொருகி, மூடியச் சுத்தி மாவு அப்பி அடைச்சிருக்குது. பக்கத்துல போனா நாத்தம் கொடலப் பொரட்டுது. பாதிக்கு மேல காலி. எனக்கென்னமோ பயமா இருக்குது சாமி."

நதியா போனை அணைத்தாள். வராந்தாவிலிருந்து எழுந்து உள்ளே போய்க் கட்டிலோரம் நின்றாள்.

"எப்ப வச்சீங்க?"

அவன் மறுக்கவில்லை. "நீ மொதக் கோட்டக் கீழ எறக்குன அன்னைக்கே, நீ வடிச்சுப் போட்ட சக்கையில சர்க்கரையப் போட்டு ஊற வச்சேன்."

அவள் டேப் வைத்து அளந்த நாட்கள், விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள், எல்லாம் அவளுக்குத் தெரியாமல் அவன் பாத்ரூமுக்குப் போய்வந்த நாட்கள். குடி ஒரு நாள்கூடக் குறைந்திருக்கவில்லை. அவன் மேல் வந்த வாசத்தைக்கூட வீட்டில் ஊறிப்போன அன்னாசி வாசம் என்றே அவள் நினைத்திருந்தாள். அவனை அங்கேயே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"டாக்டர் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? நாந்தான் சத்தியம் பண்ணேன்ல பைத்தியக்காரி மாதிரி? ஏன்யா சொல்லல?"

பாண்டித்துரை அவளைப் பார்த்தான். "நீ அம்புட்டுச் சந்தோசமா இருந்த. இருபது வருசத்துல ஒன்ன அப்பிடிப் பாத்ததே இல்ல. எப்பிடிச் சொல்ல?"

டாக்டரை அழைத்து வந்து எல்லாவற்றையும் சொன்னாள். எந்தக் கேன், என்ன கெமிக்கல் இருந்தது என்று அவர் கேட்டதற்கு அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் முன்னாடி தெரிந்திருந்தாலும் இந்த ஈரலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் அவர். அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று நதியாவுக்கு இன்றுவரை தெரியாது.

"இதெல்லாம் செய்ய இவருக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"நாந்தாங்க" என்றாள் நதியா.

அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அவள் இன்னொரு தடவையும் சொன்னாள். பாண்டித்துரை அதற்கப்புறம் ஆறு நாள்தான் இருந்தான்.