அவர் ஏறத் தாழ்த்திய வண்டி

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். காரைக்காலில் எங்கள் தெருவில் இருக்கிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். யாரும் அதைக் குறையாகப் பேசுவதில்லை. நான் குடியிருக்கும் வீடு என் உம்மா எனக்கு எழுதிக் கொடுத்தது. கட்டில் என் சீர், பீரோ என் சீர், கொல்லையில் இருக்கிற மோட்டார்கூட என் வாப்பா போட்டது. இத்தனை வருடம் வளைகுடாவில் வெயிலில் வெந்த என் கணவருக்கு, அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வாசலில் நின்ற வண்டி ஒன்றுதான் இருந்தது.

அது ஒரு பழைய எஸ்.யூ.வி. அவர் ஊரோடு வந்த வருடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். வாங்கியதோடு விட்டாரா? முன்னால் ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு, பக்கத்தில் கால் வைத்து ஏறப் பலகை, தலைக்கு மேல் ஒரு பெரிய கேரியர் என்று எல்லாம் வைத்துக் கட்டினார். கேரியருக்கு வெல்டிங் அடிக்கும்போது பக்கத்திலேயே நின்று, இங்கே இன்னொரு கம்பி, அங்கே இன்னொரு கம்பி என்று பட்டறை ஆட்களை ஒரு வழி பண்ணிவிட்டார். தெருவில் யார் வீட்டுப் பிள்ளை சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தாலும் திருச்சி ஏர்போர்ட்டுக்கு இவர் வண்டிதான் போகும். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு அது தெருவுக்குள் நுழையும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். டீசல் காசுகூட வாங்க மாட்டார். அந்த உயரத்தில் உட்கார்ந்து ஓட்டினால் வயல் கடைசி வரைக்கும் தெரியும் என்பார். நான் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தும் சாவியைக் கண்ணில் காட்டியதில்லை. “நீ ஓட்டுனா வண்டிக்கு வலிக்கும்” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. வாயும் கொஞ்சம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், பிசியோதெரபிக்கு ஒரு நாள் விடாமல் கூட்டிவர வேண்டும், இந்தச் சில மாதங்களில் வருகிற அசைவுதான் அசைவு, அதற்கப்புறம் காலை எதிர்பார்க்காதீர்கள் என்று. கூட்டிப்போக நான் தயார். ஆனால் அவரை வண்டிக்குள் ஏற்ற வேண்டுமே. இடது பக்கக் கதவு வழியாக ஏற முதலில் உள்ளே போக வேண்டியது வலது கால். அந்தக் கால்தான் வராது. மேலே இருக்கிற பிடியைப் பிடிக்க வேண்டியது வலது கை. அதுவும் வராது.

பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் வந்து அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கி உள்ளே வைத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் தூக்குகிற தூக்கில் அவர் கைலி முழங்காலுக்கு மேலே ஏறிப்போனது. எதிர்வீட்டு மாடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திரும்பி வந்து இறக்கும்போதும் மூடியேதான் இருந்தார். அதற்கப்புறம் வாசற்படி தாண்ட மாட்டேன் என்றுவிட்டார். பிசியோதெரபியும் இல்லை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் இல்லை. ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன். தாழ்வாக இருக்கும், ஏறிவிடலாம். “வாசல்ல… வண்டி நிக்கிது” என்றார். அந்த மூன்று வார்த்தைக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. நானும் ஸ்டூல் போட்டுப் பார்த்தேன், அவர் ஆடினார், ஸ்டூலும் ஆடியது. கட்டிலில் கிடந்து கிடந்து அந்தக் கால் என் கண்ணெதிரே மெலிந்துகொண்டே வந்தது. ராத்திரியில் நான் அதைத் தடவிக்கொடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவரால் வண்டிக்கு ஏற முடியாது, வண்டிதான் இறங்கி வர வேண்டும் என்ற புத்தி எனக்குப் பெட்ரோல் பங்கில்தான் வந்தது. ஸ்கூட்டியோடு வரிசையில் நின்றேன். எங்கள் ஊரில் பெட்ரோல் விலை குறைவு என்று தமிழ்நாட்டு வண்டியெல்லாம் வந்து நிற்கும், வரிசைக்குக் கேட்கவா வேண்டும்? எனக்கு முன்னால் இவர் வண்டி போலவே ஒன்று நின்றது. அதே ஜாதி, அதே பழசு. ஆனால் தரையோடு ஒட்டிக்கொண்டு, கறுப்புச் சக்கரமும் அகல டயருமாக மினுமினுத்தது. உள்ளே பாட்டு நெஞ்சில் குத்துகிற மாதிரி அடித்தது. இறங்கிய இளைஞனுக்கு இடுப்பு மடங்கவே இல்லை, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதுபோல நின்றான். நான் பக்கத்தில் போய், இந்த வேலையை யார் செய்து கொடுத்தது என்று கேட்டேன். தலையில் துப்பட்டியோடு ஒரு அம்மா இதைக் கேட்கிறாளே என்று அவன் முழித்தான். போலகம் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை என்று அடையாளம் சொன்னான்.

கொட்டகைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நெல் வயலை அண்ணனிடம் விட்டுவிட்டு வண்டிப் பைத்தியமாக இதில் இறங்கியவர். வாய் ஓயாது. “பையனுக்காக்கா?” என்றார். எனக்குத்தான் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். என் கணவர் காலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு நான் எதற்கு அவல் கொடுக்க வேண்டும்? ஸ்டைலுக்குச் செய்கிறோம் என்றே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவருக்கும் அதுதான் கௌரவம் என்று பட்டது.

“ஸ்பிரிங்க மாத்தி, சின்ன ஷாக் அப்சார்பர் போட்டா நல்லா இறங்கிடுங்க. அதுக்கு மேல இறக்கச் சொல்லாதீங்க, மழைத் தண்ணியில மாட்டிக்கிட்டு என்னையத்தான் திட்டுவீங்க” என்றார்.

“சீட்டு?”

“அதையும் இறக்கிடலாம். ரேஸ் வண்டி மாதிரி இருக்கும்.”

“வளைவுல திரும்பும்போது உள்ள உக்காந்திருக்குறவங்க ஒரு பக்கமா சாயக் கூடாது” என்றேன். ஒரு பக்கம் பலம் இல்லாத மனிதர் ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே சரிவதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பார்த்திருந்தேன்.

கொட்டகைக்காரர் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். வண்டி ஓட்டத் தெரிந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். “அப்ப மேல இருக்குற கனத்தை எடுக்கணும்க்கா. அந்தக் கேரியர் இருக்குற வரைக்கும் சாயத்தான் செய்யும். முன்னாடி கம்பியும் கழட்டிடுவோம், சட்டப்படி அது இப்ப வைக்கவும் கூடாது. கீழ தடிமனா ஒரு ராடு போட்டு, அகல டயரும் மாட்டிட்டா ரோட்டப் புடிச்சிக்கிட்டு போவும். பக்கத்துப் பலகையும் வேணாம், பார்க்க அசிங்கம்.”

பலகை போனால் என் கணவர் சீட்டை ஒட்டி நிற்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

வீட்டில் அவரிடம், வண்டிக்குக் கொஞ்சம் வேலை பார்க்கலாமா, இப்ப எல்லாரும் அழகாக மாற்றிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. நிக்காஹ்வில் பெண் வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். என்னிடமும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். நானும் அதே சட்டத்தை அவருக்குப் போட்டேன்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. கடல் காற்று அடிக்கிற ஊரில் பழைய வண்டியின் அடியில் கை வைத்தால் துரு கையோடு வரும். கழற்றிய போல்ட்டெல்லாம் ஒடிந்தது. டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று பெருகியது. அந்த நாளெல்லாம் மழைதான். ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது, தண்ணீர் வந்து நிற்கும். வண்டி நின்ற இடத்தில் ஆயில் படலம் மட்டும் வண்ணமாக மிதந்தது. அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சோறு ஊட்டும்போதும் கண் அங்கேதான் இருக்கும்.

ஒரு நாள் கொட்டகைக்குப் போனபோது மூலையில் கேரியர், கம்பி, பலகை எல்லாம் குவிந்து கிடந்தது. “பழைய இரும்புக்குப் போட்டுடவாக்கா?” என்றார். போடுங்கள் என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எனக்கு அந்தக் கால் வேண்டும், இரும்பு வேண்டாம்.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அதே கரும்பச்சை நிறம்தான், ஆனால் கண்ணாடி மாதிரி மின்னியது. தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தன. அவர் கைத்தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கிட்டே போய் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இடது கையால் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். அப்புறம் இடது கால். அவ்வளவுதான், ஏறிவிட்டார். ஒருவர் கையும் அவர்மேல் படவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. எதிர்வீட்டு மாடியில் யாராவது நிற்கிறார்களா, பார்க்கட்டும் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவரும் அண்ணாந்து பார்த்தார், வண்டியின் கூரையை. “கேரியர்?” என்றார்.

“கழட்டியாச்சு. மேல கனம் இருந்தா சாயுமாம்.”

தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பினோம். வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவிவிட்டேன். ஆற்றுப் பாலம் தாண்டித் திரும்புகிற வளைவில் ஓரக்கண்ணால் பார்த்தேன். நேராக உட்கார்ந்திருந்தார், ஒரு இம்மிகூடச் சாயவில்லை. பள்ளங்களில் மட்டும் வண்டி முன்னைவிட முரடாகத் தூக்கிப் போட்டது. அவர் செயலற்ற கையை மற்ற கையால் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். வீட்டுக்கு வந்த மருமகன் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்லாமல் சாப்பிடுவாரே, அந்த முகம்.

பள்ளிவாசல் முன்னால் நிறுத்தினேன். அவர் தானாகவே இறங்கித் தடியை ஊன்றி நின்றார். தொழுகைக்கு வந்த ஒருவர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முன்பு வளைகுடாவிலிருந்து வந்தபோதெல்லாம் பெட்டிகளோடு இந்த வண்டியில்தான் வந்திறங்கியவர். அவருக்கே வண்டி அடையாளம் தெரியவில்லை.

“நானா” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார், “நல்லாயிட்டீங்களே, மாஷா அல்லாஹ்! வண்டி சூப்பரா இருக்கே, யாரு வண்டி?”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் பதிலுக்குக் காத்திருந்தேன். இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இடது கையை உயர்த்தி என்னைக் காட்டினார்.

“அவளோடது” என்றார். கை கால் விழுந்ததிலிருந்து அவர் இவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“இல்லைங்க, அவங்க வண்டிதான். அதே வண்டிதான்” என்று நான் ஜன்னல் வழியாகக் கத்தினேன். வந்தவர் சிரித்துவிட்டு அவரைத் தாங்கலாக உள்ளே அழைத்துப்போனார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தொழுகை முடிந்து திரும்பும்போதும் அந்தப் பேச்சை நான் எடுத்தேன். உங்களுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்றேன். தெரியும் என்பதுபோலத் தலையசைத்தார். கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலை. வீடு வந்ததும் காலை எடுத்து வெளியே வைத்து, யார் துணையும் இல்லாமல் இறங்கினார். எப்போதும் அந்தக் கதவைத் தெருவுக்கே கேட்கும்படி ஓங்கி அறைகிற மனிதர், அன்றைக்கு அடுத்தவர் வண்டியின் கதவைச் சாத்துவதுபோல மெல்லச் சாத்தினார்.