கப்பலில் வந்தது இலையில் ஏறாது: கொத்தமங்கலம், 1965

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க எப்போது போகலாம் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறீர்கள். நான் முதலில் போனது 1965 தை மாதம். கூட வந்தவன் சேது, மதுரையில் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவன். கொத்தமங்கலத்தில் அவன் அக்கா மீனாட்சியின் வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்கு இலை போட்டுக் கும்பிடும் நாள். சேதுவுக்குப் பழைய கடல் வணிகம் பற்றிக் குறிப்பெடுக்கும் ஆசை. நான் போனது சாப்பாட்டுக்கு, மறைப்பானேன்.

மதுரையில் காலை ஆறு மணி பஸ். மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடிக்கு ஐம்பத்தைந்து மைல் சொச்சம், இரண்டரை ரூபாய். மூன்று மணி நேரம் ஆட்டு ஆட்டு என்று ஆட்டி இறக்கினான். அங்கிருந்து கொத்தமங்கலம் டவுன் பஸ்ஸில் முப்பது பைசா. கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "படைப்பு வீட்டுக்கா போறீக? அங்குட்டு முக்குல எறங்குங்க, ரெண்டாவது வீடு" என்றார். யாருக்கு என்ன சோலி என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது!

வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிந்தது. தூண் பர்மாத் தேக்கு. தரை இத்தாலிப் பளிங்கு, கண்ணாடி பெல்ஜியம், சுவரில் பதித்த பூப்போட்ட ஓடு ஜப்பான். கடலைத் தாண்டி வராதது கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் படைப்பு இலைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு. அந்தக் குடும்பத்தில் ஒருவர் வியாபாரத்துக்குக் கப்பலேறி, போன கப்பல் கரை சேரவே இல்லையாம். அவரைக் ‘கப்பல் ஐயா’ என்கிறார்கள். கப்பலில் வந்த பொருள் எதுவும் அவர் இலையில் ஏறக்கூடாது. உருளைக்கிழங்கு கிடையாது, கோஸ் கிடையாது. பர்மாவிலிருந்து வந்த கறுப்புக் கவுனி அரிசி கிடையவே கிடையாது.

அந்த வருடம் இது சடங்கோடு நிற்கவில்லை. மீனாட்சியின் கணவருக்கு ரங்கூனில் கடை. அங்கே அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு, ஊர் திரும்பக் கப்பலில் இடம் கிடைத்ததாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த அம்மாள் தூங்கிப் பல நாளாகியிருக்கும், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

குழம்பு, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற மண்டி, காய்த் துவட்டல் எல்லாம் இறக்கியாகிவிட்டது. உச்சிக்கு முன்னால் இலை போட வேண்டும். அப்போது பார்த்து சேது, அடுப்படியை எட்டிப் பார்த்தவன் சும்மா இருக்காமல், "ஆச்சி, இந்த மிளகாயும் கப்பல்ல வந்ததுதான்" என்றான். (அக்காளை அங்கே ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.) "போர்ச்சுக்கீசியர் மிளகு வாங்க வந்தப்பக் கொண்டுவந்தது. அதுக்கு முன்னால நம்ம ஊர்ல காரம்னா மிளகு மட்டுந்தான்."

படித்தவனுக்கு நேரம் காலம் தெரியாது என்பது இதுதான். ஆச்சி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நெசமாவா சொல்ற?"

"பாடமே நடத்துறேன் ஆச்சி."

அந்த அம்மாள் அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருசமும் தப்பாவா படைச்சிருக்கோம்? அவுக கடல் மேல இருக்கற நேரத்துலயா இது எனக்குத் தெரியணும்?" சமையல்காரர் மெதுவாக, "எல்லாத்தயும் கொட்டிட்டு மிளகு போட்டு வச்சிரட்டுமா ஆச்சி?" என்று கேட்டார்.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணயும் கொட்ட வேணாம். அவுக வாரதும் கப்பல்லதானே? கப்பல்ல வந்தது ஆகாதுன்னு நானே தள்ளிக்கிட்டிருந்தா, அவுக எப்புடி வருவாக? கவுனி அரிசியவும் ஊறப் போடுங்க."

கவுனி ஊறி வேக நேரமாகும் அல்லவா, அன்று உச்சி தாண்டித்தான் இலை விழுந்தது. முதலில் மிளகாய்க் குழம்பை ஊற்றியவர் ஆச்சிதான்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசி நல்ல மாதங்கள், சித்திரையில் வெயில் கொன்றுவிடும். பல வீடுகள் பூட்டிக் கிடக்கும், காவல்காரரிடம் மரியாதையாகக் கேட்டால் திறந்து காட்டுவார். மத்தியானத்தில் பஸ் குறைவு. தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு வராமல், அதைக் கொண்டுவர யார் எங்கே போனார்கள் என்றும் விசாரியுங்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பிவிடவில்லை.

ரங்கூன் கப்பல் அந்த மாசியில் சென்னைக்கு வந்தது. ஆச்சியோடு சேதுவும் நானும் துறைமுகத்தில் நின்றோம். மனிதர் பாதியாக இளைத்து, கையில் ஒரு துணிப்பையோடு இறங்கினார். ஆச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல், கடை போனது, நகை போனது, பெட்டியைக்கூட விடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

ஆச்சி அந்தப் பையை வாங்கிக்கொண்டார். "வெயில்ல நிக்காதீக. இங்குட்டு வாங்க, சாப்புடலாம்."