ஊலிபிகா போடும் கணக்கு

ஊலிபிகா என் கன்னத்தில் மூக்கை அழுத்தி ஆழமாக ஒருமுறை மூச்சிழுக்கிறாள். வடகோடிப் பனிப்பிரதேசத்தில் இருக்கும் எங்கள் ஊரில் முத்தமே இப்படித்தான். இவளுக்கு மட்டும் அது சோதனையும்கூட.

"காலையிலேருந்து ஆறு சிகரெட்டு."

"நாலுதாம்மா!"

"பொய் சொல்லாதடா மகனே. நீயே விடலைன்னா நான் ஊர்ல யார்கிட்ட போய்ப் பேசுறது?"

எனக்கு வயது ஐம்பத்திரண்டு, அவளுக்குப் பதினேழு. என் அம்மா செத்த மாதத்தில் பக்கத்து வீட்டில் பிறந்தாள். அம்மாவின் பெயரையே வைத்தார்கள். எங்களிடம் பெயர் யாருடையதோ, உறவும் அவருடையதுதான். அவள் தவழும்போதே நான் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். மீன் பிடித்து வந்தால் தலை இன்றும் அவளுக்குத்தான். அம்மாவுக்கு மீன்தலை என்றால் உயிர்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு சிகரெட்டோடு மல்லுக்கு நிற்கிறாள். கடை வாசலில் பெரிய பையன்கள் புகைவிடும் இடத்துக்கே போய் நிற்பாள். அங்கே சுற்றும் பொடிசுகளைக் கண்டால் கோட்டுப் பையிலிருந்து காய்ந்த மீன் துண்டை எடுத்து நீட்டுவாள். "வாய் சும்மா இருக்க மாட்டேங்குதா? இந்தா, இதைக் கடி." நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்துவதெல்லாம் கிடையாது. "வந்துட்டாடா மீன்காரி!" என்று பையன்கள் கிண்டலடிப்பார்கள். அவர்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.

இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, கைகளைப் பிடித்துக்கொண்டு, தொண்டையால் பாடும் ஆட்டம் ஒன்று உண்டு. முதலில் மூச்சு முட்டுகிறவள் தோற்றாள். சின்ன வயதில் ஊலிபிகாவை யாரும் ஜெயித்ததில்லை. இப்போது முதலில் நிறுத்துவது அவள்தான். பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்துவரை புகைத்தவள்.

முதல் சிகரெட்டைக் கொடுத்த பாவி நான்தான். செத்துப்போனவருக்குப் பிடித்ததை அவர் பெயர் கொண்டவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அம்மாவுக்கு மீன்தலையும் பிடிக்கும், புகையும் பிடிக்கும். "உனக்குப் பிடிக்குமேம்மா" என்று நானே பற்றவைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருமினாள். நான் சிரித்தேன். அம்மாவைக் கொண்டுபோனதே அந்தப் புகைதான் என்று தெரிந்தும் கொடுத்தேனே!

போன செவ்வாய்க்கிழமை ஊர் வானொலியில் ஊலிபிகா சிகரெட்டைப் பற்றிப் பேசினாள். கொட்டகையில் பனிவண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு சின்னப் பெண் போன் செய்தாள். "அக்கா, உங்களுக்கு மொதல்ல யாரு குடுத்தாங்க?"

என் கையில் ஸ்பானர் அப்படியே நின்றது. ஊரே கேட்கிற நேரம்.

அவள் மூச்சை இழுத்துவிடுவது வானொலியில் கேட்டது. பிறகு, "என்மேல உசிரையே வச்சிருக்கிறவரு குடுத்தாரு. அதனாலதான் வேணாம்னு சொல்லத் தெரியல. பாசமா குடுத்தாலும் வாங்காதீங்க, சரியா?" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

வெட்கங்கெட்ட கை அப்போதும் சிகரெட்டைத்தான் தேடியது. பாதி புகைத்திருப்பேன், வானொலி நிலையத்திலிருந்து நேராக வந்து நின்றாள்.

"ஒம்பதும்மா," என்று நானே முந்திக்கொண்டேன்.

அவள் கணக்கு எதுவும் சொல்லவில்லை. என் தொப்பியை விலக்கி, கன்னத்தில் மூக்கை வைத்து, தன்னிடம் மிச்சமிருந்த மூச்சு முழுவதையும் இழுத்தாள்.