ஸ்பிரிங் இல்லாத படம்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மெக்கானிக்கல் படித்துவிட்டு, சென்னையில் காப்புரிமை விண்ணப்பங்கள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் படம் வரைகிறேன். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "மெஷினுக்குப் படம் போடறா" என்பாள். சரியான பதில்தான். ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்கிறார். அதைப் பார்த்தே இராதவருக்கும் புரியும்படி கோட்டில் காட்ட வேண்டும். அந்தக் கோட்டை நான் நன்றாகவே போடுவேன்.

போன வருடம் என் அக்காவின் கணவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். திருவாலங்காடு போகிற சாலையில் அவருக்கு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், ஜன்னல் கிரில், டிராக்டரில் உடைந்ததை ஒட்டுவது என்று வேலை ஓடும். இவற்றுக்கு நடுவில் கரும்புக்குச் சோகை உரிக்க ஒரு கருவி செய்திருந்தார். காய்ந்த கரும்புத் தோகையைத்தான் சோகை என்கிறோம். கையால் உரித்தால் அதன் ஓரம் தோலைக் கீறும். அம்மா கூலிக்குச் சோகை உரிக்கப் போகும் நாட்களில் அவள் கை முழங்கைவரை சிவப்புக் கோடாக இருக்கும். பாவாவின் கருவியில் ஒரு நீளக் குழாய், அதன் முனையில் இரண்டு அரைவளையங்கள். கயிற்றை இழுத்தால் வளையங்கள் கரும்பைக் கவ்வும். அப்படியே கீழே இறக்கினால் சோகை வழிந்து விழும்.

எனக்கு இந்த வேலை கிடைப்பதற்கு முன்பே அவர் தானாகக் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். விவரத்தை யாரோ தெரிந்த வாத்தியார் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். படம் பாவாவே பென்சிலில் போட்டது. இப்போது பரிசோதகரின் அறிக்கை வந்திருந்தது. கருவியைப் பற்றிப் பெரிய ஆட்சேபம் இல்லை. படத்தைப் பற்றித்தான் இருந்தது. நிழல் தீட்டியிருக்கிறது, படத்துக்குள்ளேயே பெயரும் அளவும் எழுதியிருக்கிறது, ஓரம் விடவில்லை, பாகங்களுக்கு எண் இல்லை. குறித்த காலத்துக்குள் திருத்திய படம் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும்.

"அளவு போடாத படம் ஒரு படமா?" என்றார் பாவா. "அளவு இல்லாம ஒரு ஜன்னல் செய்ய முடியுமா? இன்னா ஆபீசும்மா அது?"

"ஜன்னல் செய்யறதுக்கு இல்ல பாவா. உங்க யோசனை இன்னான்னு காட்டறதுக்கு."

"ஆங், எஞ்சினியரம்மா சொன்னா சரி."

எங்கள் அலுவலகத்தில் பேசி அந்த விண்ணப்பத்தை நாங்களே எடுத்துக்கொண்டோம். பென்சில் படத்தில் கீல் இருக்கும் இடம் தெளிவாக இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். கருவியைக் கையில் வாங்கியதுமே வித்தியாசம் தெரிந்தது. கயிறு இல்லை. கீலில் ஒரு ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தது. குழாயை அழுத்தினால் வளையம் திறந்தது, விட்டால் கவ்வியது.

"இது எப்ப வந்தது?"

"நாலு மாசம் ஆவுது. கயிறு சோகையில சிக்கிகினு ஒரே ரோதனை. அத்தைதான் மாத்தச் சொன்னாங்க, உங்கம்மா. நல்லாருக்குதா?"

நன்றாகத்தான் இருந்தது. பழையதைவிடப் பாதி முயற்சியில் வேலை செய்தது. அதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது.

"பாவா, இதை நான் படத்துல போட முடியாது."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "படத்தை மாத்திக் குடுன்னு அவங்கதானே கேட்டுகினு இருக்காங்க. மாத்தும்போது இதையும் சேத்துடு."

"காட்டற விதத்தைத்தான் மாத்தலாம். காட்டற பொருளை மாத்தக் கூடாது. அன்னைக்கு நீங்க குடுத்ததுல இல்லாத ஒண்ணு இப்ப படம் வழியா உள்ள வரக் கூடாது."

"ஏன் வரக் கூடாது? ரேஷன் கார்டுல கொழந்த பொறந்தா பேர் சேக்கறாங்க இல்ல? அப்ப, கார்டு வாங்கின அன்னைக்கு இந்தக் கொழந்த இல்லியேன்னு திருப்பி அனுப்பறாங்களா?"

அக்கா டீ கொண்டுவந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பாவாவுக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் பேச்சு இன்னும் வளரும் என்று எனக்குத் தெரியும்.

"இது ரேஷன் கார்டு இல்ல, பத்திரம் மாதிரி" என்றேன். "சர்வே நம்பர் தப்பா இருந்தா பிழைத்திருத்தப் பத்திரம் போடலாம். அதுலயே பக்கத்துக் கொல்லையையும் சேத்து எழுதிக்க முடியுமா? நீங்க விண்ணப்பம் குடுத்த தேதியிலேர்ந்து அது உங்களுது. ஸ்பிரிங் அந்தத் தேதியில இல்ல."

நான் கொண்டுபோயிருந்த வரைவுத் தாளை விரித்தேன். குழாயின் நடுவில் கயிறு நுழையும் துளை ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தேன். பென்சில் படத்தில் அது விட்டுப்போயிருந்தது. அதை அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

"இந்த ஓட்டை எங்கேர்ந்து வந்தது? நான் போடலியே. ஓட்டைய சேக்கறே, ஸ்பிரிங்க சேக்க மாட்டியா? ஓட்டை இன்னா உன் மாமனாரா?"

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஓட்டையைப் பத்தி எழுத்துல இருக்குது பாவா. குழாய்ல இருக்கற துளை வழியா கயிறு போவுதுன்னு வாத்தியார் எழுதியிருக்காரு. எழுத்துல இருக்கறதை படத்துல காட்டலாம். ஸ்பிரிங்கைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மீறிப் போட்டா ஒத்துக்க மாட்டாங்க. பதில் குடுக்கற காலம்தான் வீணாப் போவும்."

"அப்ப யாராவது இதைப் பாத்து ஸ்பிரிங் வெச்சு வித்துட்டா?"

இதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு வழி இருந்தது. முதல் கண்டுபிடிப்பில் செய்த மேம்பாட்டுக்கென்று கூடுதலாகத் தனி விண்ணப்பம் போடலாம். அதில் ஸ்பிரிங்கைத் தாராளமாக வரையலாம். ஆனால் அது போய்ச் சேருகிறவரை ஸ்பிரிங் வெளியே தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்திருந்தால் அது புதிது என்று சொல்லிக்கொள்ள முடியாது. யாருக்காவது கொடுத்தாரா என்று கேட்டேன்.

"வெளியாளு ஒருத்தனுக்கும் குடுக்கல. திங்கக்கிழமை அத்தைக்கு ஒண்ணு குடுக்கலாம்னு இருந்தேன்."

"நகரிக்கு ஒண்ணு எடுத்துகினு போனீங்களே" என்றாள் அக்கா.

"அது பெரிய மாமா வூடு. அவரு வெளியாளா?"

மாமாவை வெளியாள் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மாமாவுக்குக் கரும்புக் கொல்லை இருந்தது, கொல்லையில் கூலியாட்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் அந்தக் கருவி போயிருந்தால் ஊருக்கே காட்டியதாகிவிடும். பாவாவுக்கு இது அப்போதுதான் உறைத்தது. டீயைக் குடிக்காமலே வண்டியை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். அன்று கிருத்திகை. மலைக்கு வந்த காவடிக் கூட்டம் சாலையை அடைத்திருந்ததால் சந்து சந்தாகப் புகுந்து ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள நகரிக்குப் போகும் சாலையைப் பிடித்தோம்.

மாமா வீட்டில் இல்லை. அவர் மனைவி, நகரி அத்தைதான் இருந்தார். கருவி எங்கே என்று பாவா தெலுங்கில் கேட்டார். அத்தை பரணைக் காட்டினார். கோணி சுற்றி, கயிறு கட்டி, கொடுத்தபடியே கிடந்தது.

"யாரும் எடுக்கலியா?" என்றேன்.

"எங்க கரும்பு பின்னாடி நட்டது, இன்னும் முட்டி ஒசரம்தான் வளந்திருக்குது, எதை உரிக்கறது?" என்றார் அத்தை. "பாம்பு புடிக்கிற கொக்கின்னு நெனச்சி நான் அந்தப் பக்கமே போவல. இன்னாத்துக்கு இப்பிடி வேர்த்துகினு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்?"

பாவா பரணிலிருந்து அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். நகரி விஷயத்தையும் மறைக்கவில்லை. கோணியோடு கிடந்ததால் பாதகமில்லை என்றார்கள். அந்த வாரம் இரண்டு விதப் படங்கள் வரையத் தொடங்கினேன். ஒன்று கயிறும் துளையும் உள்ள பழைய கருவி. நிழல் இல்லை, அளவு இல்லை, ஓரங்கள் விதிப்படி, ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்தில் உள்ள அதே எண். மற்றது ஸ்பிரிங் உள்ள புதியது. பழைய படத்தில் கையெழுத்துப் போடும்போது பாவா முகம் சுளித்தார்.

"கயிறு வெச்சதை இவ்ளோ அழகா போட்டிருக்கறே. பாக்கறவன் நான் இன்னும் கயிறு கட்டிகினு இருக்கறேன்னு நெனைப்பான்."

"அன்னைக்குக் கட்டியிருந்தீங்க இல்ல, அது போதும்."

கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டார். அந்தப் படத்தைப் பற்றி மறுபடி எந்தக் கேள்வியும் வரவில்லை.

புதிய விண்ணப்பம் தயாராகும்வரை ஸ்பிரிங் வைத்த கருவிகளை அக்கா பீரோவுக்குப் பின்னால் நிறுத்திவைத்தாள். அம்மா திங்கட்கிழமையும் அதற்குப் பின்னும் பழைய கருவியோடுதான் வேலைக்குப் போனாள். கயிறு சிக்கும்போதெல்லாம் கையை உள்ளே விட வேண்டியிருந்தது. மாலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "இன்னும் எத்தினி நாளு?" என்று கேட்பாள். சீக்கிரம் என்பேன். கேட்கிற ஒவ்வொரு நாளும் என் கை கணினியில் கொஞ்சம் வேகமாக ஓடியது.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்து எண் வந்த அன்று அலுவலகத்திலிருந்தே பாவாவுக்குப் போன் செய்தேன்.

"அப்ப வெளிய எடுக்கலாமா?" என்றார்.

"எடுக்கலாம். அம்மாவுக்குக் குடுங்க."

மறுநாள் அம்மா புதியதை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். நடந்ததை நான் வந்ததும் சொன்னாள். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி கருவியைப் பார்த்து, "இன்னாக்கா, கயிறு எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"கயிறு இல்ல, இது ஸ்பிரிங்கு. எங்க மாப்ள செஞ்சாரு. எம்பொண்ணு படம் போட்டு கெவர்மென்டுல குடுத்திருக்கறா."

"படம் போட்டா சோகை தானா உரிஞ்சிடுமா?"

அம்மா கருவியை அவள் கையில் கொடுத்திருக்கிறாள். அந்த வரிசை முடிகிறவரை அவள் அதைத் திருப்பித் தரவில்லையாம்.