கோர்ட்டின் பின்படி

“கூட்டறவ புள்ள பில்டிங்குக்கு பிளான் போடப் போவுதாக்கும்?” என்று எங்கள் ஊர் கோர்ட் எழுத்தர் அம்மாவிடம் கேட்டாராம். அம்மா அங்கே துப்புரவுப் பணியாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளான் போட்டேன். அதில்தான் வந்தது வினை.

போன வாரம், இங்கே அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் என் அபார்ட்மென்ட் தரையைத் துடைக்க இந்தியக் கடை பினாயிலைத் திறந்தேன். அந்த வாசத்தில் முதலில் அம்மாவின் புடவை வந்தது. அதன் பின்னாலேயே இரண்டு கோர்ட்டுகள் வந்து நின்றன.

ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. முன்படி வக்கீல்களுக்கு. வாளியும் துடைப்பமுமாக அம்மா பின்புறத்துக் குறுகல் படியில்தான் ஏறுவாள். லீவு நாளில் நானும் பின்னாலேயே ஏறுவேன்.

மற்றது, இங்கிருந்து இரண்டு மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு சின்ன கவுன்ட்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி. ஊர்ச் சதுக்கத்தின் நடுவே செம்மணற்கல் கட்டடம், மேலே மணிக்கூண்டு, வயது நூறுக்கு மேல். கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுதுபார்ப்பதற்காக அதை அளவெடுக்க அனுப்பினார்கள். முன்னால் அகலமான மரப்படி, கைப்பிடியெல்லாம் செதுக்கிய பூ. யாரும் பார்க்காதபோது அதில் சும்மாவே இரண்டு முறை ஏறி இறங்கினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

பின்பக்கம் தோள் இடிக்கும் குறுகல் படி ஒன்று, நேராக விசாரணை அறையின் பால்கனிக்குப் போனது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கூட்டுகிறவர்களின் படி என்று. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே. வரைபடத்தில் ‘துப்புரவுப் படி’ என்று குறித்தேன். ஒவ்வொரு பலகையும் நடுவில் கிண்ணம்போல் தேய்ந்திருந்தது. அந்தக் குழிகளின் ஆழத்தைக்கூட அளந்து எழுதிக்கொண்டேன். ஏன் தேய்ந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை.

லிஃப்ட்டுக்கு இடம் தேடியவர்கள், என் வரைபடத்தை நம்பி அந்தப் படியைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

வேலை முடிந்து கட்டடத்தைத் திறந்த அன்று, அறுபதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண்மணி வந்து, எங்கள் படி எங்கே என்று கேட்டார். அந்தக் காலத்தில் கீழ்த்தளம் வெள்ளையருக்கு மட்டுமாம். கறுப்பினத்தவர் பின்படி ஏறி, பால்கனியில்தான் உட்கார வேண்டும். அவருடைய அம்மா, தன் கூடப்பிறந்த தம்பியின் வழக்கைக் கேட்க தினமும் அதில்தான் ஏறினாராம். நான் என்ன குறித்தேன் என்பதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. லிஃப்ட்டின் எஃகுக் கதவில் உள்ளங்கையை வைத்தார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு போன் பண்ணி, நடந்ததையெல்லாம் சொல்லி அழுதேன். “இருவது வருசம் ஏறி எறங்குனேன் கண்ணு. என் ஒருத்தி காலுக்கு ஒரு படியும் குழியல. நீ யாரையாச்சும் கேட்டிருக்கலாமல்ல,” என்றாள்.

அதன்பிறகும் வேலையாக அங்கே போக வேண்டியிருந்தது. லிஃப்ட் கதவு மூடியதும், யாரோ என் தோளை உரசிக்கொண்டு மேலே போவதுபோல் இருக்கும். ஒருவர் இல்லை, வரிசையாக.

பலகைகள் குப்பை லாரியில் போய்விட்டன. மிச்சம் இருப்பது என் நோட்டில் உள்ள அளவுகள் மட்டும்தான். அன்று பினாயிலைத் திருகி மூடிவிட்டு அந்த நோட்டை எடுத்தேன். படியை மறுபடி வரைந்தேன், இந்த முறை குழிகளோடு. அதில் யார் ஏறினார்கள் என்று எழுதி, அந்த வரைபடத்தை லிஃப்ட் பக்கத்துச் சுவரில் மாட்டும்படி கவுன்ட்டி அலுவலகத்துக்கு நேற்று அனுப்பிவிட்டேன். அடியில், ‘முன்பு தவறாகக் குறித்தவள்’ என்று போட்டு, என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன்.